அனலாக்கா, டிஜிட்டலா? முதல் ஹாம் ரேடியோ வாங்கும் முன்

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது அவருடைய வீட்டில் கரன்ட் போனது, செல்போனில் சிக்னலும் போனது. கடலூர் தாழங்குடாவில் அவருடைய அக்கா குடும்பம் இருக்கிறது. அந்தப் பக்கம் தென்பெண்ணையில் வெள்ளம் என்று கேள்விப்பட்டும், அவர்கள் நலமா என்று தெரிந்துகொள்ள இரண்டு நாள் ஆனதாம். அதற்குப் பிறகுதான் ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வயர்லெஸ் பற்றிப் படிக்க ஆரம்பித்திருக்கிறார். அதன் தொடக்க நிலை உரிமத்துக்கான ரெஸ்ட்ரிக்டட் கிரேடு தேர்வு எழுதிவிட்டார், லைசென்ஸ் இன்னும் வரவில்லை. கையில் 8,000 ரூபாய் இருக்கிறது.

அவர் முன்னால் இரண்டு வழிகள். 2,500 ரூபாய் விலையில் அனலாக் கருவி இரண்டு வாங்கி ஒன்றை அக்காவிடம் கொடுப்பது. அல்லது கொஞ்சம் கடன் வாங்கி 9,000 ரூபாய்க்கு, குரலை எண்களாக்கி அனுப்பும் டி.எம்.ஆர். என்ற டிஜிட்டல் முறைக் கருவி ஒன்று வாங்குவது. விற்பவர் சொன்னதாக அவர் எழுதியிருப்பவை: "டிஜிட்டல் இரண்டு மடங்கு தூரம் எடுக்கும். யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. அனலாக் எல்லாம் சீக்கிரம் மூடப்போகிறார்கள்." கடைசியாக இரண்டு கேள்விகள். லைசென்ஸ் வரும்வரை வாங்கி வைத்துப் பழகலாமா? மாமா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர், அவரோடும் இதில் பேசலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

அக்காவின் குரலைக் கேட்க இரண்டு நாள் காத்திருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு அது புதிதில்லை. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024இல் ஃபெஞ்சல். ஒவ்வொரு முறையும் முதலில் போவது மின்சாரம், அதன் பின்னாலேயே செல்போன் கோபுரங்கள். உங்கள் தேவை உண்மையானது, அதற்குத் தேர்வு எழுதும் அளவுக்கு நீங்கள் மெனக்கெட்டதும் சரியான காரியம். அதனால்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் வந்த பிறகு ஓர் அனலாக் கருவி வாங்குங்கள், மிச்சப் பணத்தை ஆன்டெனாவில் போடுங்கள். டிஜிட்டல் இப்போதைக்கு வேண்டாம். அக்காவிடம் கருவி கொடுப்பது அவர் பெயரில் லைசென்ஸ் வந்த பிறகுதான்.

லைசென்ஸ் வரும் முன் வாங்கலாமா?

கூடாது. "பேசமாட்டேன், வைத்து மட்டும் பார்க்கிறேன்" என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டில் ஒலிபரப்பும் கருவியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்திலிருந்து 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வரை இந்த அடிப்படை மாறவில்லை. ஆன்லைனில் கிடைக்கிறதே என்பதும் பதிலாகாது. அப்படி விவரம் சொல்லாமல் விற்றதால்தான், எந்த அலைவரிசை, உரிமம் தேவையா என்பதைத் தெரிவிக்காமல் வாக்கி டாக்கி விற்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் ஆன்லைன் தளங்களுக்கு நெறிமுறை கொண்டுவந்தது.

நீங்கள் இருப்பது கடற்கரை ஊர் என்பதையும் நினைவில் வையுங்கள். கடலோரக் காவல் இங்கே கண்டிப்பாகவே இருக்கும். உரிமம் இல்லாத வயர்லெஸ் கருவியோடு கடற்கரையில் ஒருவர் நின்றால், அக்காவோடு பேசத்தான் வாங்கினேன் என்ற விளக்கத்தைக் கேட்டு யாரும் அனுப்பிவிடமாட்டார்கள். கருவி போகும், வழக்கு வரும், அடுத்து லைசென்ஸ் கிடைப்பதும் சிக்கலாகும். உரிமம் வந்த பிறகும் அதன் நகல் ஒன்றைக் கருவியின் பையிலேயே வைத்திருங்கள்.

காத்திருக்கும் நாட்கள் வீணில்லை. உரிமம் உள்ள ஒரு ஹாம் நண்பரின் நிலையத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எப்படி அழைக்கிறார்கள், கால் சைனை (உரிமத்தோடு வரும் அழைப்புக் குறியீடு) எப்போது சொல்கிறார்கள், ஒருவர் பேசி முடித்ததும் எவ்வளவு இடைவெளி விடுகிறார்கள் என்பதெல்லாம் காதால் பழக வேண்டியவை. அதைவிட முக்கியம், உங்கள் ஊரில் யார் எந்த முறையில் பேசுகிறார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

டிஜிட்டல் பற்றி உங்களிடம் சொன்னவை

முதலில் "யாரும் கேட்க முடியாது" என்பதை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் அதை ஒரு வசதியாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதுதான் ஆபத்தான தகவல். டி.எம்.ஆர். ஒரு திறந்த தரம். ஐரோப்பிய தரநிலை அமைப்பு வெளியிட்டது, அதே கருவி வைத்திருக்கும் யாரும் கேட்கலாம். சில கருவிகளில் பேச்சை மறைத்து அனுப்பும் வசதி இருக்கும். அது தொழில் நிறுவனங்களுக்கானது, ஹாம் அலைவரிசையில் அதைத் தொடவே கூடாது. இங்கே எல்லோருக்கும் புரியும் மொழியில், மறைப்பு இல்லாமல் பேச வேண்டும் என்பது விதி. ரகசியம் பேச வேண்டுமென்றால் ஹாம் ரேடியோ அதற்கான இடமே இல்லை.

அனலாக்கை மூடப்போகிறார்கள் என்பதற்கு அடிப்படை கிடையாது. அனலாக் டிவி ஒளிபரப்பு நின்றதோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். நமக்கு அனுமதித்த 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் உலகெங்கும் ஹாம்கள் எஃப்.எம். என்ற அனலாக் குரலில்தான் பெருமளவு பேசுகிறார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஹாம் ரிப்பீட்டர்கூட (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி) எஃப்.எம்.தான். அது நம் தலைக்கு மேல் போகும் சில நிமிடங்களில், 437.800 மெகாஹெர்ட்ஸில் அதன் வழியாகப் பேசுகிறவர்களைச் சாதாரண அனலாக் கருவியிலேயே கேட்கலாம். முதல் முறை கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும், அனுபவித்துப் பாருங்கள்.

இரண்டு மடங்கு தூரம் என்பதும் தவறு. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. பூமியின் வளைவும் வழியில் நிற்கும் கட்டடமும் தடுத்தால் டிஜிட்டலும் நிற்கும், அனலாக்கும் நிற்கும். வித்தியாசம் தெரிவது எல்லையில்தான். சிக்னல் பலவீனமானால் அனலாக்கில் இரைச்சல் ஏறும், ஆனாலும் காதைக் கூர்மையாக்கிப் பாதி வார்த்தைகளையாவது பிடித்துவிடலாம். டிஜிட்டல் கடைசி வரை தெளிவாக இருந்து, சட்டென்று துண்டு துண்டாகிக் காணாமல் போகும். பழைய டிவியில் படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்ததற்கும், இன்று மழை வந்தால் டி.டி.எச். படம் அப்படியே உறைந்து நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. "தண்ணீர்", "மாடி", "நலம்" என்று மூன்று வார்த்தை போய்ச் சேர்ந்தால் போதும் என்ற நிலையில் அந்த இரைச்சலோடு வரும் குரலுக்கு மதிப்பு உண்டு.

டிஜிட்டலின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். டி.எம்.ஆரில் ஓர் அலைவரிசை நேரத்தால் இரண்டாகப் பிரிகிறது, ஒவ்வொரு துண்டும் 30 மில்லி விநாடி. அதனால் ஒரே ரிப்பீட்டரில் இரண்டு உரையாடல்கள் சேர்ந்து நடக்கும். உங்கள் கருவி பேசும் நேரத்தில் பாதி மட்டுமே சக்தியை வெளியிடுவதால் பேட்டரியும் அதிகம் நிற்கும். எல்லைக்குள் இருக்கும்வரை குரல் துல்லியம். இணையத்தோடு சேர்த்தால் வெளிநாட்டு ஹாம்களோடும் பேசலாம். ஆனால் அதற்கு வீட்டில் ஹாட்ஸ்பாட் என்ற சின்னக் கருவியும் இணைய இணைப்பும் வேண்டும். புயல் அன்று அந்த இணைப்புதான் முதலில் போகும். உங்கள் நோக்கமே புயல் நாளுக்கான பேச்சு என்பதால் இதைச் சொல்கிறேன். தவிர, அந்த ஹாட்ஸ்பாட்டும் ஒலிபரப்பும் கருவிதான், உரிம விதி அதற்கும் பொருந்தும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். டி.எம்.ஆர். கருவிக்கு உங்களுக்கென ஓர் அடையாள எண் வேண்டும், அதை லைசென்ஸும் கால் சைனும் காட்டித்தான் பெற முடியும். பிறகு அலைவரிசை, கலர் கோடு, டைம் ஸ்லாட், டாக் குரூப் என்ற அமைப்புகள் எல்லாம் சேர்ந்த கோட்பிளக் என்ற கோப்பை எழுதி ஏற்ற வேண்டும். ஒன்று தப்பினாலும் பக்கத்து அறையில் பேசுவதுகூடக் கேட்காது. டிஜிட்டல் என்றால் எல்லாம் ஒன்றோடொன்று பேசும் என்றும் நினைக்க வேண்டாம். டி.எம்.ஆர்., ஐகாம் பயன்படுத்தும் டி-ஸ்டார், யேசுவின் சி4எஃப்.எம். மூன்றும் மூன்று தனி வழி, ஒன்றின் குரல் மற்றதில் கேட்காது. எல்லாக் கருவிக்கும் பொதுவாக மிஞ்சுவது அனலாக் எஃப்.எம். ஒன்றுதான். பேரிடரில் முன்பின் தெரியாத ஒரு ஹாம் உங்கள் தெருவுக்கு வந்து நின்றால், அவரோடு நிச்சயம் பேச முடிந்த முறையும் அதுவே.

முத்தியால்பேட்டையிலிருந்து தாழங்குடாவுக்கு எட்டுமா?

உங்கள் கடிதத்தின் உண்மையான கேள்வி இதுதான் என்று எனக்குப் படுகிறது. நேர்கோட்டில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். இடையில் மலை இல்லை. ஊரும் தென்னந்தோப்பும் கழிமுகங்களும்தான்.

கணக்கு எளிது. ஆன்டெனா தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரமோ, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அது எட்டும் தொடுவானம் கிலோமீட்டரில் வரும். இரண்டு முனைக்கும் போட்டுக் கூட்டுங்கள். இருவரும் தெருவில் கருவியைக் கையில் பிடித்து நின்றால் ஆன்டெனா உயரம் ஒன்றரை மீட்டர், கூட்டினால் 10 கிலோமீட்டர். அதுவும் வெட்டவெளியில்தான், ஊருக்குள் 2, 3 கிலோமீட்டர் வந்தாலே நல்லது. உங்கள் வீட்டு மாடியில் கம்பம் நட்டு 10 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்தால் உங்கள் பங்கு மட்டும் 13 கிலோமீட்டர். அக்கா வீட்டு மேல்தளத்தில் 6 மீட்டரில் ஒன்று இருந்தால் இன்னொரு 10. ஆக 23 கிலோமீட்டர், நமக்குத் தேவை 20. கட்டடங்களும் மரங்களும் தின்பதுபோக இது விளிம்பில் நிற்கும் கணக்கு. ஆனால் நடக்கக்கூடிய கணக்கு. கருவி 2,500 ரூபாயா 9,000 ரூபாயா என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை, பாருங்கள். இரண்டும் 5 வாட் அளவில்தான் அனுப்பும்.

ஆன்டெனாவை விலைக்கு வாங்க வேண்டிய அவசியம்கூட இல்லை. நீங்கள் எலக்ட்ரீஷியன், இது உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்து வேலை. ஒரு கோஆக்சியல் சாக்கெட், நடுவில் நேராக நிற்கும் சுமார் 49 சென்டிமீட்டர் பித்தளை அல்லது செம்புக் கம்பி, கீழே நான்கு மூலையிலும் சாய்வாக இறங்கும் 52 சென்டிமீட்டர் கம்பிகள் நான்கு. 145 மெகாஹெர்ட்ஸுக்கு இதுவே நல்ல ஆன்டெனா. கருவியோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனாவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை முதல் நாளே உணர்வீர்கள். ஆன்டெனா அலைவரிசைக்குப் பொருந்துகிறதா என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வைத்திருக்கும் ஹாம் நண்பரிடம் ஒருமுறை அளந்து, கம்பியைத் துளித்துளியாக வெட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

கேபிளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மெல்லிய ஆர்.ஜி.58 கேபிள் 10 மீட்டர் போட்டால் மூன்றில் ஒரு பங்கு சக்தி அதிலேயே கரைந்துவிடும். தடித்த ஆர்.ஜி.213 போட்டால் இழப்பு ஏறக்குறைய பாதியாகும். கருவியின் வாயில் தடித்த கேபிளை நேராக மாட்டினால் அந்தச் சின்ன கனெக்டர் உடையும், அதனால் கடைசி அரை மீட்டருக்கு மெல்லிய கேபிள் துண்டு ஒன்றை இணையுங்கள். உப்புக்காற்று உங்கள் பகுதியில் இணைப்புகளைச் சீக்கிரம் அரித்துவிடும், ஒவ்வொரு இணைப்பையும் தண்ணீர் புகாத ரப்பர் டேப்பால் சுற்றுங்கள். இடி மின்னல் வந்தால் கேபிளைக் கழற்றிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் கம்பத்தையே இறக்கி வைத்து, காற்று அடங்கியதும் ஏற்றுங்கள்.

எந்த மாதிரி அனலாக் கருவி?

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இருப்பதிலேயே மலிவானதை எடுக்காதீர்கள். மலிவுக் கருவிகள் பலவற்றில் ரிசீவர் முழுதும் ஒரே சில்லுக்குள் இருக்கும். மாடி ஆன்டெனாவை மாட்டியதும் பக்கத்து ஒலிபரப்புகள் வெள்ளமாக உள்ளே வந்து, நமக்கு வேண்டிய பலவீனமான குரலை அமுக்கிவிடும். மேலே நான் சொன்ன ஆன்டெனா வேலை முழுதும் அதனால் கெடலாம். சில கருவிகள் 145 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது 290, 435 என்று அதன் மடங்குகளிலும் கசிகின்றன, அது அடுத்தவர்களுக்குத் தொல்லை. உங்கள் 8,000 ரூபாயில் பாதி வரை கருவிக்குக் கொடுத்து, பில்லோடும் உத்தரவாதத்தோடும் வாங்குங்கள். கூடவே ஒரு பேட்டரி. தானே புயலுக்குப் பிறகு கடலூரில் பல இடங்களில் கரன்ட் வரப் பல நாள் ஆனதை மறக்க வேண்டாம். யு.எஸ்.பி. வழியாகப் பவர் பேங்கிலோ சின்ன சோலார் தகட்டிலோ சார்ஜ் ஏறும் மாடலாக இருந்தால் இன்னும் நல்லது. கணினியில் அலைவரிசைகளை ஏற்ற 'சர்ப்' (CHIRP) என்ற இலவச மென்பொருள் உண்டு.

ஒருவேளை உங்கள் ஊர் ஹாம்கள் டி.எம்.ஆரில்தான் அதிகம் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் என் பதில் மாறும். டி.எம்.ஆர். கருவிகள் அனலாக்கிலும் பேசும் என்பதால் அப்போது அது வீண் செலவாகாது. வாங்கும்போது டயர் 2 தரமா என்று கேளுங்கள். ஆரம்பகால மலிவு மாடல்களில் சில டயர் 1 மட்டுமே, அவை ரிப்பீட்டரில் வேலை செய்யாது. ஆனால் கடன் வாங்கி வேண்டாம்.

அக்காவும் மாமாவும்

அக்கா கையில் கருவி இருக்க வேண்டுமென்றால் அக்காவுக்கும் லைசென்ஸ் வேண்டும். உங்கள் கால் சைனை அவர் சொல்லிப் பேச முடியாது. தேர்வு அவ்வளவு கஷ்டம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கிடையாது, அடிப்படை எலக்ட்ரானிக்ஸும் விதிமுறைகளும்தான். 12 வயது நிரம்பினால் எழுதலாம். அக்கா பெண் ஒன்பதாம் வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவும் பெண்ணும் சேர்ந்தே விண்ணப்பிக்கட்டும், நீங்கள் சொல்லிக்கொடுங்கள். வீட்டில் உரிமம் பெற்றவர் இருவர் இருந்தால், ஒருவர் வெளியூரில் இருக்கும்போது புயல் வந்தாலும் கவலையில்லை.

அதுவரைக்கும் உரிமம் இல்லாமல் சட்டப்படி பேச ஒரு வழி உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் இயங்கும் சின்ன வாக்கி டாக்கிகளுக்கு 2018 விதிகளின்படி உரிமம் தேவையில்லை. தெரு முனைக்கும் வீட்டுக்கும் பேசலாம், 20 கிலோமீட்டருக்கு ஆகாது. ஹாம் கருவியை அந்த அலைவரிசைக்குத் திருப்பிப் பேசுவதற்கு அந்த விலக்கு பொருந்தாது.

மாமா விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். உங்கள் கருவியின் டிஸ்ப்ளேயில் 156.8 மெகாஹெர்ட்ஸ் என்று தட்டினால் எண் விழும். அது கடல் வி.எச்.எஃப். சேனல் 16. படகுகள் ஆபத்தில் கூப்பிடும் வழி. ஹாம் லைசென்ஸ் அதில் பேச உரிமை தராது, நம் மாமாதானே என்று அங்கே நலம் விசாரிப்பது இன்னொரு படகின் அபாய அழைப்பை மறைத்துவிடலாம். மாமாவுக்கு வேண்டியது முறையான உரிமத்தோடு கூடிய கடல் வி.எச்.எஃப். கருவி. தண்ணீரில் விழுந்தால் மிதக்கும் மாடல்கள் உண்டு, கரையிலும் மற்றப் படகுகளிலும் அதைக் கேட்கிறார்கள். அவருடைய உயிருக்கு உங்கள் ஹாம் கருவியைவிட அதுதான் பாதுகாப்பு. மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் மீன்வளத் துறை அலுவலகத்திலும் அதைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள், படகுப் பாதுகாப்புக் கருவிகளுக்கு மானியம் இருக்கிறதா என்பதையும் அங்கேயே கேட்கலாம்.

உங்கள் லைசென்ஸ் கைக்கு வந்ததும், அக்காவின் தேர்வு முடியும்வரை காத்திருக்காமல் ஒரு சோதனை செய்துவிடுங்கள். உரிமம் உள்ள நண்பர் ஒருவரைத் தாழங்குடாவுக்கு அழைத்துப்போய் அக்கா வீட்டு மேல்தளத்தில் அவருடைய கருவியோடு நிற்கச் சொல்லுங்கள், நீங்கள் முத்தியால்பேட்டை மாடியிலிருந்து கூப்பிடுங்கள். மேல்தளத்தின் எந்த மூலையில், எந்த உயரத்தில் குரல் நன்றாக வருகிறதோ அங்கே ஒரு குறி போட்டு வையுங்கள். எட்டவில்லையென்றால் பாகூர், கிருமாம்பாக்கம் பக்கம் நடுவில் ஒரு ஹாம் இருக்கிறாரா என்று தேடுங்கள், அவர் கேட்டுச் சொன்னாலே செய்தி போய்ச் சேரும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். கம்பமும் கேபிளும் செப்டம்பருக்குள் தயாராக இருக்கட்டும்.